வெள்ளை நாற்காலியும் நீல நாற்காலியும்

இரும்புக்கு எண்ணெய் பூசுவதில்தான் என் காலைப்பொழுது தொடங்குகிறது. பந்தல் குழாய்களைக் கொல்லைப்புறத்தில் கிடத்தி, பழைய வேட்டித் துணியை எண்ணெயில் தோய்த்து, ஒவ்வொன்றாக உருவிவிடுவேன். மரக்காணத்துக் காற்றில் உப்பு இருக்கிறது. அது இரும்பை விட்டுவைப்பதில்லை. நான் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்த காலமெல்லாம் எனக்குச் சோறு போட்ட உப்பு, இப்போது என் கைமுதலைத் தின்கிறது. குளித்து நீறு பூசிப் பதிகம் ஓதிய பிறகு எண்ணெய் பூசுவதா, எண்ணெய் வேலையை முடித்துக்கொண்டு ஓதுவதா என்று தொடக்கத்தில் யோசித்ததுண்டு. இப்போது பூசிக்கொண்டே ஓதுகிறேன். இறைவன் பொறுத்துக்கொள்வான், துரு பொறுக்காது.

நான் நடத்துவது வாடகைக் கடை. நாற்காலி, மேசை, சாமியானா, ஜமக்காளம், அண்டா, குண்டான், கரண்டி என்று, ஒரு வீட்டில் நல்லதோ கெட்டதோ நடந்தால் ஒருநாள் தேவைப்பட்டு மறுநாள் இடத்தை அடைக்கும் பொருள்கள் எல்லாம் என்னிடம் உண்டு. உப்பளத்தை விட்டு நின்றபோது கையில் வந்ததையும் மனைவியின் வளையல்களையும் இதில்தான் போட்டேன். பெற்றதெல்லாம் ஒருநாள் திருப்பித் தரவேண்டியது, இந்த உடம்பும் அப்படித்தான் என்று பாடிப் பாடி வளர்ந்தவனுக்கு இந்தத் தொழில் பொருந்தும் என்று நினைத்தேன். பாட்டில் அது எளிதாக இருந்தது. அண்டா ஒடுங்கித் திரும்பி வந்தபோது அவ்வளவு எளிதாக இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே நான் எதையோ முணுமுணுத்தபோது மனைவி சொன்னாள்:

"அண்டாவுக்குத் தத்துவம் சொல்லி இன்னாங்க பண்ணப் போறீங்க? ஒடுக்கு எடுக்கறவனுக்குப் போன் போடுங்க."

கடையில் நாங்கள் மூவர். நான், மனைவி, அவளுடைய தம்பி. சரக்கு ஏற்றும் சிறிய வண்டியை, இங்கே எல்லாரும் குட்டியானை என்று அழைக்கும் வண்டியை, ஓட்டுவது அவன்தான். அவன் குடும்பமும் இந்தக் கடையை நம்பித்தான் இருக்கிறது. துக்க வீடுகளிலிருந்து வருவது டீசலுக்கும் துவைப்புக்கும் சரியாகப் போய்விடும். கடை பிழைத்திருப்பது கல்யாணங்களால்தான். தை பிறந்து வைகாசி முடிவதற்குள் நான்கு பெரிய கல்யாணமாவது வராவிட்டால் கதவை இழுத்து மூட வேண்டியதுதான். மூடினால் எனக்கு இந்த வயதில் வேறு எந்தக் கதவும் திறக்கப் போவதில்லை.

தொழிலுக்கு ஏற்ற வாய்ப்பழக்கம் எனக்கு மெதுவாகத்தான் படிந்தது. படிந்த பிறகு அதுவே இடைஞ்சலானது. துக்க வீட்டிலிருந்து புறப்படும்போது போகிறேன் என்றோ வருகிறேன் என்றோ சொல்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும். எத்தனையோ துக்க வீடுகளில் உடலின் தலைமாட்டில் அமர்ந்து பதிகம் ஓதியவன் நான்; இது எனக்குத் தெரியாததன்று. ஆனால் கடை தொடங்கிய முதல் ஆண்டில், ஒரு வீட்டில் ஓதி முடித்து, சாமியானாவை அவிழ்த்து ஏற்றிக்கொண்டு கிளம்புகையில், கடைக்காரனின் நாக்கு என்னை முந்திக்கொண்டது. கைகளைக் கூப்பி, "வரேங்க. மறுபடி தேவைப்பட்டா சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டேன்.

அந்த வீட்டின் மூத்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா பெரியவரே, இன்னும் யாரு போவணும்னு எதிர்பாக்கறீங்க?"

அழுதுகொண்டிருந்த பெண்களில் இருவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மைத்துனன் கடை வந்து சேரும்வரை வண்டியை நேராக ஓட்டமுடியாமல் சிரித்தான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இதற்குப் பிறகுதான் ஐஸ் பெட்டி வந்தது. மழைக்காலத்தில் உப்பளத் தெருவில் ஒருவர் இறந்துவிட்டார். வளைகுடா நாட்டிலிருந்து மகன் வந்து சேரும்வரை உடலை வைத்திருக்க வேண்டும். திண்டிவனத்திலிருந்து வரவேண்டிய குளிர்பெட்டி சாலையில் தண்ணீர் நின்றதால் வரவில்லை. மீன் ஏற்றும் இடத்திலிருந்து ஐஸ் பாளங்களை வாங்கிவந்து சுற்றிலும் அடுக்கினார்கள். அந்தப் பாளங்களில் மீன் வாடை இருந்தது. இறந்தவரின் மனைவி ஊதுவத்தி அணைய அணைய வேறொன்றைக் கொளுத்திக்கொண்டே இருந்தார். நான் ஓதிய பாட்டு எனக்கே கேட்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் போய் ஒரு பெட்டி வாங்கினேன். என் ஆயுளில் யாரிடமும் கலந்துபேசாமல் செய்த வாணிபம் அது ஒன்றுதான்.

பெட்டி வந்ததும் கல்யாண வீட்டார் தயங்கத் தொடங்கினார்கள். அண்டா பார்க்க வருகிறவர்கள் அண்டாவைப் பார்க்காமல், மூலையில் போர்த்திவைத்த பெட்டியைப் பார்த்தார்கள். ஒரு நாள் ஓர் அம்மாள் நாற்காலியின் முதுகைத் தொடப் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு கேட்டார்:

"இந்தச் சேருங்க அந்த மாதிரி வூட்டுக்கெல்லாம் போயிட்டு வர்றதுங்களா?"

பொய் சொல்ல எனக்கு வராது. "கழுவித்தாம்மா வெக்கிறோம்" என்றேன். அந்த அம்மாள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் மகள் கல்யாணத்துக்குத் திண்டிவனம் சாலையில் உள்ள வேறு கடையிலிருந்து சரக்கு போனது.

அதன் பிறகு நான் ஓர் ஏற்பாடு செய்தேன். நன்றாக யோசித்து, சுத்தமாகத் தொழில் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்த ஏற்பாடு. துக்க வீடுகளுக்கென்று நீல நிற நாற்காலிகள் புதிதாக வாங்கினேன். பழைய வெள்ளை நாற்காலிகளை நல்ல காரியங்களுக்கு மட்டும் என்று ஒதுக்கினேன். கடை வாசலில் பலகையும் எழுதி மாட்டினேன்: சுபகாரியங்களுக்குத் தனி நாற்காலிகள் உண்டு. அந்த வெள்ளை நாற்காலிகள் அதுவரை ஊரின் எல்லாத் துக்க வீடுகளுக்கும் போய்வந்தவை. அதை ஒருவரும் கேட்கவில்லை. புத்தம்புதிதாக வந்து இறங்கிய நீல நாற்காலிகள்தாம் இறங்கிய நாளிலேயே தீட்டுப்பட்டுப்போயின.

முதலில் எல்லாரும் மெச்சினார்கள். அடுத்த சில மாதங்களில் ஊர் நிறத்தைப் படித்துக்கொண்டது. குட்டியானையில் நீல நாற்காலி போனால், "யாரு வூட்லப்பா?" என்று டீக்கடையிலிருந்து குரல் வரும். கோயில் கூட்டத்துக்குக்கூட நீலம் வேண்டாம் என்றார்கள். துக்கம் இல்லாத மாதங்களில் அவை அடுக்கியபடி கிடந்தன. நல்ல நாள்களில் வெள்ளை போதவில்லை. முன்பு எந்த நாற்காலி எந்த வீட்டில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. இப்போது சரிபாதி நாற்காலிகளின் மேல் சாவு உட்கார்ந்திருந்தது. உட்காரவைத்தது என் பலகை.

பிரதோஷத்துக்கு இரும்பை என்னும் ஊரின் சிவன் கோயிலுக்குப் போவது என் வழக்கம். சுடலையில் ஆடுகிறவனை, சாம்பல் பூசியவனை, மண்டையோட்டை மாலையாகப் போட்டவனை மனமுருகப் பாடுவேன். பாடிவிட்டு வந்து, நீலத்தை வெள்ளையிலிருந்து பிரித்து அடுக்குவேன். இந்த முரண் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் உட்கார்ந்து அதைச் சிந்திப்பதற்கு நேரமும் இல்லை, முதுகில் தெம்பும் இல்லை.

மாசி மாதத்தில் ஒரு நிச்சயதார்த்தம் வந்தது. பெண்ணின் தகப்பன் உப்பளத்தில் என்னிடம் வேலை செய்தவன். வரப்பு மிதித்து, உப்பு வாரி, தலைச்சுமையாகச் சுமந்து அந்தப் பெண்ணைக் கல்லூரிவரை படிக்க வைத்தவன். இதற்குமுன் இரண்டு இடங்கள் பேசிக் கடைசி நேரத்தில் கைநழுவிப் போயிருந்தன. மாப்பிள்ளை வீடு பொம்மையார்பாளையம். "மேஸ்திரி, இந்தத் தடவ ஒரு கொறையும் இருக்கக் கூடாது. உங்கள நம்பித்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நிச்சயத்தன்று காலையில் வெள்ளை நாற்காலிகள் என் கையில் இல்லை. முந்தைய நாள் இடையஞ்சாவடியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தன. விடிந்ததும் அவற்றை ஏற்றிவரப் போன வண்டி கிளட்ச் அறுந்து அங்கேயே நின்றுவிட்டது. மைத்துனன் எவனுடைய மோட்டார் சைக்கிளிலோ தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"மாமா, வேற வண்டி புடிச்சு வெள்ளைய எடுத்தாற மதியம் ஆயிடும். அவங்க பத்து மணிக்கே வந்துடுவாங்க."

"என்னப்பா செய்யறது?"

"நீலம் இருக்குது. கவரு இருக்குது. போட்டு மூடிட்டா எவனுக்குத் தெரியும்? சேரு சேருதான மாமா."

நாற்காலிகளுக்கு மாட்டும் வெள்ளைத் துணி உறைகள் கொஞ்சம் வாங்கி வைத்திருந்தோம். வேண்டாம் என்று என் வாய் சொல்லியிருக்க வேண்டும். அந்த வீட்டில் உட்கார ஒரு நாற்காலிகூட இல்லாமல் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும் காட்சி என் கண்முன் வந்தது. சரி என்றேன். தெருக்கோடியிலிருந்து ஒரு கைவண்டியை வாங்கிவந்து, நீல நாற்காலிகளை அதில் ஏற்றித் தள்ளிப்போய், மனைவியும் நானும் அவனுமாக உறை மாட்டினோம். நாடாவை இறுக்கிக் கட்ட என் விரல்களுக்கு வலுவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். உட்கார்ந்தார்கள். பெண் வீட்டார் கலர் சோடா கொடுத்தார்கள், வாங்கிக் குடித்தார்கள். இராகு காலம் வருவதற்குள் தட்டு மாற்ற வேண்டும் என்று ஒருவர் நினைவுபடுத்தினார். எல்லாம் முறையாகப் போய்க்கொண்டிருந்தது. கடல் பக்கத்திலிருந்து காற்று எழுந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் வெயில் படுகிறதென்று தன் நாற்காலியை நிழலுக்கு இழுத்தார். பின்பக்க நாடா அவிழ்ந்து, உறை காற்றில் தலைக்குமேல் எழும்பி, பந்தல் காலில் போய்ச் சுற்றிக்கொண்டது.

மாப்பிள்ளையின் சித்தி எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்டவர்.

"ஐயையோ! அக்கா, இது அந்தச் சேரு!"

"எந்தச் சேருடி?" என்றார் மாப்பிள்ளையின் தாய்.

"எழவு வூட்டுக்குப் போற சேரு. எங்க ஊர்ல யார வேணா கேளு, நீலச் சேருன்னா சின்னப் புள்ளைக்கும் தெரியும். துணியப் போட்டு மூடி உக்கார வெச்சிருக்காங்க பாரு!"

ஒரே சமயத்தில் அத்தனை பேரும் எழுந்தார்கள். கலர் பாட்டில்கள் சாய்ந்து உருண்டன. தாய்மாமன் வேட்டியின் பின்புறத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"பொண்ணு வூட்டுக்காரரே, இன்னா இது? எங்கள உக்கார வெக்க இதான் கெடச்சுதா?"

பெண்ணின் தகப்பன் என்னைப் பார்த்தான். "மேஸ்திரி" என்று ஒரு சொல் சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வாசற்படிக்கு உள்ளே பட்டுப்புடவையோடு நின்றிருந்த பெண்ணின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை.

யாரோ ஜமக்காளத்தை விரித்துத் தரையில் உட்காரலாம் என்றார்கள். "அது மட்டும் இன்னா, அங்க போகாததா?" என்றார் சித்தி. உடனே எல்லாருடைய கண்ணும் பந்தலை அண்ணாந்து பார்த்தது. தலைக்குமேல் இருந்த சாமியானாவும் என்னுடையதுதான்.

நான் முன்னால் போய்க் கைகூப்பினேன். தவறு என்னுடையது, பெண் வீட்டாருக்கு இதில் பங்கில்லை என்று சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"நாம கும்பிடற சாமியே சுடலையில ஆடறவருங்க. அவருக்கு அந்த இடம் தீட்டில்லை. நமக்கு மட்டும்..."

"அய்யா! அத கோயில்ல போயிப் பாடுங்க" என்றார் தாய்மாமன். "நல்ல காரியம் பேச வந்த எடத்துல சுடுகாட்டப் பத்திப் பேசறீங்களே, நீங்கல்லாம் பெரிய மனுஷரா?"

மைத்துனன் என் துண்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். "மாமா, ஒண்ணும் பேசாதீங்க. வாய மூடிக்கினு இப்படி வந்துடுங்க."

ஆண்கள் தெருவுக்கு இறங்கி, தாங்கள் வந்த வேன் பக்கம் போய் நின்றார்கள். வண்டியோட்டி பீடியை அணைத்துவிட்டு உள்ளே ஏறி அமர்ந்தான். தட்டுகளில் வைத்த பழங்களின் மேல் ஈ மொய்த்தது. பெண்ணின் தாய் ஒரு விசிறியை எடுத்துக்கொண்டு ஈ விரட்டத் தொடங்கினார். வேறு எதைச் செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஆயிரம் பாட்டு மனப்பாடமாக இருந்தும் அந்த நேரத்தில் ஒன்றும் எழும்பவில்லை.

மாப்பிள்ளைக்கு அத்தை முறையில் ஓர் அம்மாள் வந்திருந்தார். கனத்த உடம்பு. முழங்காலைப் பிடித்துக்கொண்டு பந்தல் காலில் சாய்ந்து நின்றிருந்தவர், இரண்டடி தத்தி நடந்து, உறை பறந்துபோன அந்த நீல நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்தார்.

"அக்கா, எழுந்திரு. அபசகுனம்" என்று தாய்மாமன் தெருவிலிருந்து கத்தினார்.

"எதுடா அபசகுனம்? மூட்டு தேஞ்சு போனவள நிக்க வெச்சே சாவடிக்கறதா? போன வாரம் பூரா பாண்டி ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்திருந்தனே, அதுல யாரு யாரு உக்காந்து போய்ச் சேந்தாங்கன்னு ஒருத்தனாவது கேட்டியா? நீ ஏறி வந்த வேனு இன்னா நேத்து பொறந்ததா?"

"அதுக்கில்ல அக்கா..."

"எதுக்கில்ல? இராகு காலம் வருதுன்னு நீதான சொன்ன? டேய் மாப்பிள, இங்க வா. பொண்ணப் பாக்க வந்தியா, சேரப் பாக்க வந்தியா?"

முதலில் சிரித்தவன் மாப்பிள்ளை. சிரித்ததை மறைக்கக் குனிந்தவன், குனிந்த வாக்கில் அத்தைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அவனுடைய தகப்பனார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, உறை கழலாத ஒன்றாகத் தேடி அமர்ந்தார். மெல்ல மெல்ல மற்றவர்களும் வந்தார்கள். தாய்மாமன் நாற்காலியின் நுனியில், முதுகு படாமல் உட்கார்ந்தார். சித்தி கடைசிவரை நின்றார். இலை போட்ட பிறகு தரையில் அமர்ந்து சாப்பிட்டார். தட்டு மாற்றினார்கள். நான் அடுப்படிக்குப் பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பலகையைக் கழற்றினேன். மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப கழட்டி இன்னா? ஊரு படிச்சாச்சு" என்றாள். அவள் சொன்னது சரி. பங்குனியில் ஒரு கல்யாண வீடும் வரவில்லை. சித்திரையிலும் வரவில்லை. நீலத்துக்கு வெள்ளை வண்ணம் அடிக்கலாமா என்று மைத்துனன் ஒன்றில் அடித்துப் பார்த்தான்; இரண்டு நாளில் பொடுகு போல உதிர்ந்தது. பெட்டியை விற்றுவிடலாம் என்றான். அந்த ஒன்றுக்கு மட்டும் நான் இணங்கவில்லை. வைகாசி முடிந்தால் கடையை மூடிவிடலாம் என்று மனைவியிடம் நானே சொன்னேன். அவள் எழுந்துபோய் வரவேண்டிய பாக்கிகளின் நோட்டை எடுத்துவந்தாள். அதுதான் எனக்கு அச்சமாக இருந்தது.

வைகாசி பிறப்பதற்குச் சற்று முன்பு பெண்ணின் தகப்பன் கடைக்கு வந்தான்.

"மேஸ்திரி, கோயில்ல தாலி. சாப்பாடு நம்ம தெருவுல. எல்லாம் உங்க சரக்குதான் வரணும்."

"வேணாம்ப்பா. ஒரு தடவை பட்டது போதும். வேற கடையில சொல்லு. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

"நான் வேற கடையில போயி சொல்லிட்டுத்தான் வந்தேன். பொண்ணு கேக்க மாட்டேங்குது. 'அந்தச் சேர்லதான் எனக்கு நிச்சயம் ஆச்சு, அவங்ககிட்டயே எடு'ங்குது." அவன் பின்னங்கழுத்தைச் சொறிந்தான். "ஆனா ஒண்ணு. முன்னாடி நாலு வரிசை, மாப்பிள வூட்டு ஆளுங்க உக்கார்ற பக்கம் மட்டும், வெள்ளையாப் போட்டுடுங்க. பின்னாடி எதுவோ போடுங்க. எனக்கும் பயம் இருக்குது இல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நெடுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

அப்படியே போட்டோம். முன்வரிசையில் வெள்ளை, பின்னால் நீலம். உறை எதுவும் மாட்டவில்லை. தாமதமாக வந்தவர்கள் நிறத்தைப் பார்க்க நேரமில்லாமல் உட்கார்ந்தார்கள். பந்திக்கு இடம் பிடிக்கவும், மின்விசிறிக் காற்றுக்காகவும், சேர்ந்து உட்கார்ந்து பேசவும் ஆளாளுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டதில், இரண்டாம் பந்தி முடிவதற்குள் வரிசை என்று ஒன்றில்லை. நிச்சயதார்த்தத்தில் நின்றபடியே இருந்த சித்தியை ஒரு நீல நாற்காலியில் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், எழுந்திருக்கவில்லை. கை கழுவும் இடத்தில் இருவர் என்னை நிறுத்தி ஆவணி மாதத்துக்குக் கேட்டார்கள். ஒருவர் நாற்காலியின் நிறத்தைப் பற்றி விசாரித்தார். மற்றவர் விசாரிக்கவில்லை. கடையை இப்போதைக்கு மூட வேண்டியதில்லை என்று மனைவியிடம் சொன்னேன். "தெரியுது. மொதல்ல சாப்புடுங்க" என்றாள்.

மறுநாள் காலை சரக்கு எடுக்கப் போனோம். தெரு முழுவதும் வெள்ளையும் நீலமும் கலந்து கிடந்தன. மைத்துனன் அவற்றைப் பார்த்தபடி இடுப்பில் கைவைத்து நின்றான்.

"மாமா, இனிமே எதுக்குப் பிரிச்சிக்கினு? கையில வர்றத அப்படியே அடுக்கிடட்டுமா?"

"அடுக்குப்பா" என்றேன்.

அவன் ஒரு வெள்ளை நாற்காலியை நிறுத்தி, அதன்மேல் ஒரு நீலத்தை வைத்து அழுத்தினான். அது உள்ளே இறங்கவில்லை. கால்கள் அகன்று, ஒருபுறம் சாய்ந்து நின்றது. திருப்பிப் போட்டுப் பார்த்தான். அதுவரை இரண்டையும் சேர்த்து அடுக்க நாங்கள் முயன்றதே இல்லை.

"எறங்கல மாமா. கம்பெனி வேற. அச்சு வேற."

"கொஞ்சம் தட்டிப் பாரேன்."

"தட்டினா ஒடஞ்சிடும்."

வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டேன். அவன் வெள்ளையை எடுத்துச் சுவரோரமாக வைத்தான். நான் நீலத்தை எடுத்து வண்டியோரமாக வைத்தேன்.